அரசாணையும் வழிபாடும்

இளஞ்சிறாரை இறைவழிபாட்டில் நிறுத்துதல் யாவர் கடன் என்பதும், அக்கடனை அரசு தன் ஆணையால் நிறைவேற்றுதல் தகுமோ என்பதும் சமய உண்மை நாடுவார் ஆராய்தற்குரிய வினாக்களாம். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இவ்வினாக்கள் அறுபதாண்டுகளுக்கு மேலாகத் தீராப் பூசலாய் நிகழ்ந்து வருகின்றன. அந்நாட்டிற் பழமை பேணுங் கொள்கையினர், பொதுப் பள்ளிகளினின்றும் பிரார்த்தனை நீங்கியதே ஒழுக்கச் சிதைவிற்கு வாயிலாயிற்று என்று இடையறாது கூறுவர். அவர் கூற்றில் மெய்யாவது எது, பிழையாவது எது என்பதனைச் சித்தாந்த நெறி நின்று காண்டல் சைவர்க்கும் பயனுடைத்து. என்னை? நியூயார்க்கு நகரத்துப் பிளஷிங் என்னுமிடத்தில் 1977 ஆம் ஆண்டிற் குடமுழுக்குக் கண்ட மகா கணபதி திருக்கோயிலை யுள்ளிட்ட பல கோயில்களைச் சூழ்ந்து சைவ மக்கள் அந்நாட்டில் வாழ்கின்றனர். அவர்தம் பிள்ளைகளும் அப்பள்ளிகளிற் பயில்கின்றனர்.

பூசல் எழுந்த வரலாறு வருமாறு: அரசு ஒரு சமயத்தை நிறுவுதலுங் கூடாது, மக்கள் தத்தம் சமயத்தைக் கைக்கொள்ளுதலைத் தடுத்தலுங் கூடாது என்பது 1791 இல் அந்நாட்டு அரசியற் சட்டத்திற் சேர்க்கப்பட்ட முதலாந் திருத்தத்தின் விதி. பின்னர், நியூயார்க்கு மாநிலத்துக் கல்வி யாட்சிக் குழுவினர், பல சமயத்தாரும் ஓதுதற்கு இயைந்தது எனக் கருதி, 22 ஆங்கிலச் சொற்களாற் சிறு பிரார்த்தனை ஒன்றை யாத்து, நாடோறும் பாடத் தொடக்கத்தில் ஓதுமாறு பரிந்துரைத்தனர். நியூ ஹைடு பார்க்குப் பள்ளிகளில் அது நடைமுறைக்கு வரவே, பெற்றோர் சிலர் வழக்குத் தொடுத்தனர். 1962 ஜூன் 25 ஆம் நாள் உச்ச நீதிமன்றம், பிரார்த்தனை இயற்றுதல் அரசின் தொழிலன்று எனத் தீர்ப்பளித்தது. 1963 இற் பென்சில்வேனியாவிற் பள்ளிதோறும் நாள்தோறும் நிகழ்ந்த விவிலிய வாசிப்பும் விலக்கப்பட்டது. ரொனால்டு ரீகன் குடியரசுத் தலைவராயிருந்தபோது, 1982 இல், பள்ளிப் பிரார்த்தனையை மீட்கும் பொருட்டு அரசியற் சட்டத் திருத்தம் ஒன்றை முன்மொழிந்தார். 1984 இற் செனட் சபையில் 56 பேர் அதனை ஆதரித்தும் 44 பேர் எதிர்த்தும் வாக்களித்தமையால், வேண்டிய மூன்றிலிரு பங்கு எய்தாது அது வீழ்ந்தது.

பழமை பேணுவார் வாதம் எளிதில் தள்ளற்பாலதன்று. பொதுவிடத்தினின்றுஞ் சமயத்தை அகற்றினால் அவ்விடம் வெறுமையாய் நில்லாது, பிறிதொரு கொள்கை ஆண்டுப் புகுந்தமரும் என்பதனை ரிச்சர்டு ஜான் நியூஹாஸ் 1984 இல் வெளிவந்த தம் நூலில் விரித்துரைத்தார். சித்தாந்தமும் இதனை உடன்படும். ஆன்மாச் சார்ந்ததன் வண்ணமாகும் இயல்பினது. படிகம் தன்னை யடுத்த பொருளின் நிறத்தைக் கொள்ளுமாறு போல, இளம்பிள்ளையின் அறிவும் அடுத்ததன் நிறத்தைக் கொள்ளும். இறைவன் பெயரையே கேளாது வளரும் பிள்ளை எதனையுஞ் சாராது நிற்கும் என்பது பொருந்தாது. பொருளையோ புகழையோ புலனின்பத்தையோ அது சார்ந்தே தீரும்.

ஆயினும், 1962 இற்குப் பின் ஒழுக்கம் தளர்ந்தது, ஆகலின் பிரார்த்தனை நீங்கியதே அதற்குக் காரணம் என்பார், காக்கை அமரப் பனம்பழம் வீழ்ந்ததனைக் கண்டு, காக்கையே வீழ்த்திற்று என்பாரை ஒப்பர். குடும்பம், தொழில், செல்வம், போர் முதலிய பல காரணங்கள் அவ்வாண்டுகளில் ஒருங்கு கூடின. இல்லத்தில் வழிபாடு அருகியபின் பள்ளியில் 22 சொற்கள் மட்டும் நின்றிருந்தால் யாது காத்திருக்கும் என்பதனை அவர் எண்ணினாரல்லர்.

இனி, ஆணையாற் பிறப்பது வழிபாடாகுமோ என்பதனை நோக்குக. வழிபாடாவது ஆன்மாவின் இச்சை ஞானக் கிரியைகள் மூன்றும் இறைவனை நோக்கிச் சேறலாம். நாவசைதற்கு ஆணை செல்லும். இச்சைக்கு ஆணை செல்லாது. எல்லாம் வல்ல முதல்வனே உயிர்களை வலிந்து இழுத்துத் தன் அடிக்கீழ் வீழ்த்துகின்றானல்லன். மலம் பரிபாகம் எய்துங்காறும் திரோதான சத்தியால் மறைந்து நின்று நடத்தி, பக்குவம் வந்துழிச் சத்திநிபாதம் நிகழ்விக்கின்றான். முதல்வன் பொறுத்திருக்கும் இடத்தில் அரசன் விரைதல் முறையன்று. பல்லவ வேந்தன் ஆணை அப்பரடிகள் திருவுள்ளத்தை மாற்றமாட்டாமையைச் சைவருலகம் நன்கறியும். அன்பை அகற்றமாட்டாத ஆணை அன்பை ஆக்கவும் மாட்டாது.

அற்றேல், சரியை முதற்படியன்றோ? பொருளுணராப் பருவத்திலேயே பிள்ளைக்குத் திருநீறு அணிவித்துத் திருமுறை ஓதுவிக்கின்றாரன்றோ? புறச்செயல் முன்னும் அகவன்பு பின்னுமாக வருதல் சைவர்க்கும் உடன்பாடாகலின், பள்ளிப் பிரார்த்தனையும் அவ்வாறே பயன்படும் எனின், அன்று. ஈன்ற தாயும் தந்தையும் ஆசிரியனும் அடியாரும் தாம் வழிபட்டுக் காட்டிப் பிள்ளையை உடன் நிறுத்துகின்றனர்; அவர் கையில் அன்பும் மரபும் உள. அரசின் கையில் உள்ளது தண்டம். மேலும், யாவர்க்கும் பொதுவாகுக என்று குழுவினர் யாத்த பிரார்த்தனை, எச்சமயத்தார்க்கும் உயிர்நிலையான திருப்பெயரும் மந்திரமும் நீங்கிய வெற்றுரையாய் முடிந்தது. விரும்பாத பிள்ளை வாளா இருக்கலாம் என்று விதி இருந்ததெனினும், தோழர் நடுவே தனித்து நிற்கும் நாணம் பிள்ளைக்கு ஆணையினும் கடிது.

இவ்வுண்மையை அந்நாட்டுப் பழையோரே கண்டிருந்தனர். 1636 இற் பிராவிடன்சு நகரை நிறுவிய ராஜர் வில்லியம்சு, கடவுட் பற்று மிக்கிருந்தும், வலிந்து செய்விக்கும் வழிபாடு கடவுளுக்கு உவப்பன்று என்றே கொண்டார். 1831 இல் அந்நாட்டிற்குச் சென்ற பிரெஞ்சு அறிஞர் டோக்வில், உரிமை வாழ்விற்குச் சமயம் இன்றியமையாதது என்றார். அதனோடு, ஆண்டுச் சமயம் வலிமையுற்று நிற்றற்குக் காரணம் அஃது அரசினின்றும் பிரிந்து நிற்றலே என்றும் வரைந்தார். பழமை பேணுவாருட் பலர் முற்கூற்றை எடுத்தோதிப் பிற்கூற்றை மறப்பர்.

மறத்தலால் வரும் ஏதம் 2007 ஜூலை 12 ஆம் நாள் வெளிப்பட்டது. அமெரிக்கச் சட்ட மன்றங்கள் தம் கூட்டத்தைப் பிரார்த்தனையோடு தொடங்குதல் 1789 முதல் வரும் வழக்கு. அன்று செனட் சபையில் முதன்முறையாக இந்து சமயப் பிரார்த்தனை செய்ய ராஜன் ஜெட் என்பார் அழைக்கப்பட்டிருந்தனர். அவர் தொடங்குங்கால், பார்வையாளர் மாடத்திலிருந்து மூவர் தம் கடவுளை விளித்துக் கூவி அதனைத் தடுக்க முயன்றனர். காவலர் அவர்களைக் கைது செய்து அகற்றியபின் பிரார்த்தனை நிறைவுற்றது. சபை தன் கடன் வழுவிற்றில்லை. அம்மூவர் செயலைப் பழமை பேணுவார் அனைவர்மேலும் ஏற்றுதலும் நீதியன்று. ஆயினும், அச்செயல் ஓர் உண்மையைக் காட்டிற்று. பொதுமன்றிற் பிரார்த்தனை வேண்டும் என்பார், பிறர் பிரார்த்தனை ஆண்டு எழுங்கால் வெகுள்வராயின், அவர் வேண்டியது இறைவனையன்று; தம் இனத்தின் மேன்மைக்கு ஓர் அடையாளத்தையே. அன்பிற்குரிய திருப்பெயர் ‘யான்’ ‘எனது’ என்னுஞ் செருக்கிற்குக் கொடியாகின், வழிபாடே ஆணவத்திற்கு உணவாம். எத்தெய்வத்தை வழிபடினும் அத்தெய்வமாகி அருள்பவன் சிவபெருமானே என அருணந்தி சிவாசாரியார் உணர்த்திய நெறி இதற்கு நேர்மாறாயது.

ஆதலின், பள்ளியிலே இறைவன் பெயர் ஒலித்தலே குற்றம் என்பாரும் வழுவினரே. வாஷிங்டன் மாநிலத்திற் கால்பந்தாட்டப் பயிற்றாசிரியர் ஒருவர் ஆட்டம் முடிந்தபின் மைதானத்தில் முழந்தாளிட்டு வேண்டியது அவர்தம் உரிமை என 2022 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தான் வேண்டுதல் வேறு. பிறரை வேண்டுவித்தல் வேறு. பயிற்றாசிரியரை மகிழ்விக்கவே மாணவர் உடன் முழந்தாளிடுவராயின் அங்கும் ஆணை மறைந்து நிற்கும் என்னும் ஐயம் அத்தீர்ப்பின்பின்னும் எஞ்சுகின்றது. அதனை ஆசிரியராவார் தம் நெஞ்சிற் கொண்டு ஒழுகல் வேண்டும்.

பழமை பேணுவார் அஞ்சும் வெறுமை மெய்யே. அதனை நிரப்பும் இடம் சட்டமன்று, இல்லமும் கோயிலுமாம். அந்நாட்டில் வாழும் சைவப் பெற்றோர்க்கும் இஃது ஒக்கும். பிறர் பிரார்த்தனை தம் பிள்ளைமேற் சுமத்தப்படாமை கண்டு மகிழ்தல் மட்டும் போதாது. வைகறையில் திருநீறணிந்து திருவைந்தெழுத்தோதும் பயிற்சியை இல்லத்தில் தாமே நடத்தாராயின், அரசு விட்டுவைத்த அவ்விடத்தை உலகியல் கொள்ளும். அப்பொழுது குறை கூறுதற்கு எந்நீதிமன்றமும் இல்லை.

திருச்சிற்றம்பலம்.