அழுகிய பழம் யார் கணக்கில்?

பழம் அழுகுவது இயற்கை, மறுப்பவர் இல்லை. ஆனால், அழுகிய பழத்தின் விலையை யார் தலையில் ஏற்றுவது என்பது இயற்கை வகுத்ததன்று, மனிதர் வகுத்தது! இவ்விரண்டையும் ஒன்றாக்கிக் காட்டி, "நேரம் சரியில்லை, தலையில் எழுதியது அவ்வளவுதான்" என்று கூடைக்காரியின் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டது சமுதாயம். தள்ளுவண்டியின் முகப்பிலே எலுமிச்சையும் மிளகாயும் கட்டித் தொங்கவிடுகிறார் பழம் விற்கும் தாய். கண்ணேறு போகுமாம்! கண்ணேறுக்கு அஞ்சக் கற்றுக்கொடுத்தவர்கள், கணக்கேட்டைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தார்களா?

பழத்தின் உள்ளே நடப்பதென்ன? மாவும் வாழையும் கொய்யாவும் சப்போட்டாவும் பறித்த பின்னரும் மூச்சு விடுகின்றன. எத்திலீன் என்னும் வாயுவைத் தாமே வெளியிடுகின்றன. இவ்வாயு செடிகளின் வளர்ச்சியை மாற்றுவதை 1901-இல் நெல்யூபோவ் என்னும் உருசிய அறிஞர் கண்டார். பழுக்கும் ஆப்பிளே அதை உண்டாக்குகிறது என்பதை 1934-இல் கேன் என்னும் அறிஞர் மெய்ப்பித்தார். ஒரு பழம் கனிந்தால் பக்கத்துப் பழமும் விரைந்து கனிவது இதனாலேதான். வெயில் ஏறினால் மூச்சு விரையும்; காயம் பட்டால் வாயு மிகும். பெட்டியின் அடியிலே நசுங்கிய ஒரு மாம்பழம், சுற்றியுள்ள பழங்களின் வாழ்நாளையும் குறைத்துவிடுகிறது. இதில் கண்ணேறு எங்கே வந்தது? கோள் எங்கே வந்தது?

இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் லூதியானா நிறுவனம் 2015-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அறுவடை தொடங்கிக் கடை வரையில் கொய்யாவில் நூற்றுக்கு ஏறத்தாழ 16 பங்கும், மாம்பழத்தில் 9 பங்கும், வாழையில் 8 பங்கும் வீணாகின்றன. "நூற்றுக்கு ஒன்பதுதானே, பெரிய இழப்பா?" என்று கேட்பார் உண்டு. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

எடுத்துக்காட்டாக, ஒரு தாய் கிலோ 50 ரூபாய் வீதம் 20 கிலோ மாம்பழம் வாங்குகிறார் என்று கொள்வோம். முதல் 1,000 ரூபாய், அதுவும் கடன். நாள்வட்டி 50, வண்டிக் கூலியும் சுமைக் கூலியும் 60. கிலோ 65 ரூபாய்க்கு எல்லாம் விற்றுப்போனால் 1,300 வரும். செலவு போக 190 மிஞ்சும். அதுதான் அவருடைய கூலி. இரண்டு கிலோ அழுகினால்? வரவு 1,170; மிச்சம் 60. கெட்டது பத்தில் ஒரு பங்கு. போனதோ கூலியில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல்! மூன்று கிலோ அழுகிவிட்டால் நாள் முழுதும் வெயிலில் நின்று, கைக்காசு ஐந்து ரூபாயும் இழந்து வீடு திரும்ப வேண்டும்.

இவ்வளவும், விலை நாள் முழுதும் நிலைத்தால்தான்! நிலைக்குமா? அன்று வந்த சரக்கு அன்றே போயாக வேண்டிய சந்தையில், ஆக்கிய செலவு விலையைத் தீர்மானிப்பதில்லை என்பதை மீன் சந்தையைக் காட்டி விளக்கினார் மார்ஷல், 1890-இல் வெளிவந்த தம் பொருளியல் நூலில். மாலை ஐந்து மணிக்குப் பேரம் பேசுகிறவர் அந்த நூலைப் படித்ததில்லை. ஆயினும் அந்தத் தத்துவம் அவருக்கு நன்றாகத் தெரியும்!

"ஏழைகள் சிக்கனமாக இருந்தால் கடன் தீருமே!" என்று நீதி புகட்டுவோர் வேறு. கோயம்பேட்டு விற்பனையாளர் நாளொன்றுக்கு நூற்றுக்கு 5 வட்டி கொடுப்பதை, செந்தில் முல்லைநாதனும் எல்டார் ஷாஃபிரும் 2013-இல் வெளியிட்ட நூலில் எடுத்துக்காட்டினர். 1,000 ரூபாய் கடன் வாங்குபவர் நாள்தோறும் 5 ரூபாய் ஒதுக்கிக் கடனைக் குறைத்துக்கொண்டே வந்தால், 50 நாளில் கடனே இராது. கணக்கு சரிதான். ஆனால், அந்த 50 நாளும் ஒரு பெட்டிகூட அழுகாமல் இருக்க வேண்டுமே! நாற்பதாம் நாள் பெய்த மழை நாற்பது நாள் சிக்கனத்தையும் கரைத்துவிடும். அந்த ஆசிரியர்களும் ஏழையின் ஒழுக்கத்தைப் பழிக்கவில்லை. இடி விழுந்தால் தாங்கிக்கொள்ள அவருக்கு இடமில்லை என்பதையே எடுத்துரைத்தனர்.

"இலாபம் அவருடையது என்றால், நட்டமும் அவருடையதுதானே? அதுதானே வாணிப அறம்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, விடை கூறுவோம். தேர்ந்தெடுக்க உரிமையும், தடுக்க வசதியும் உடையவனுக்கே அந்த அறம் பொருந்தும். பெட்டியின் மேலடுக்கைப் பார்த்து வாங்குகிறவருக்கு அடியடுக்கு தெரியாது. விலை மண்டியில் முடிவாகிறது. நிழலில்லை; குளிர் அறையில்லை. சரக்கு கைமாறியதுமே மண்டிக்குத் தரகு வந்துவிடுகிறது. மாலையில் கடன்காரனுக்கு வட்டி வந்துவிடுகிறது. அழுகலில் மட்டும் இவர்களுக்குப் பங்கில்லை! ஊதியத்தில் பலர் பங்கு கொண்டு, இழப்பில் ஒருவரைத் தனியே விடுவதற்கு அறம் என்று பெயரிடுவது அடுக்குமா? தாங்கும் வலிமையும் தடுக்கும் ஆற்றலும் யாருக்கு உண்டோ, அவர்மீது சுமை ஏற வேண்டும். இன்று நடப்பது நேர்மாறானது.

அப்படியானால், நல்ல பழத்தின் அடியிலே சொத்தையை மறைத்து விற்பதும், கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பதும் சரியா? சரியல்ல! கார்பைடில் ஆர்செனிக், பாஸ்பரஸ் கலப்பு இருக்கக்கூடும். அவ்வாறு பழுக்க வைப்பது சட்டப்படி தடை செய்யப்பட்டது. உண்பவரும் உழைப்பாளியே, அவர் குழந்தையின் வயிறும் வயிறே. வறுமை காரணமாகலாம், உரிமையாகாது. ஆனால், எத்திலீன் வாயுவை அளவோடு, பத்து இலட்சத்தில் நூறு பங்கு வரையில், பயன்படுத்த 2016-இல் இசைவளிக்கப்பட்டது. அதற்கு அறை வேண்டும், கருவி வேண்டும், முதல் வேண்டும். நேரிய வழி முதலாளிக்குத் திறந்திருக்க, எளியவருக்கு எட்டுவது கல் ஒன்றுதான் என்றிருந்தால், தண்டனை மட்டும் ஒழுக்கத்தை வளர்த்துவிடுமா?

வெளிநாட்டு ஆப்பிளைப் பாருங்கள்! காற்றையும் குளிரையும் கட்டுப்படுத்திய கிடங்குகளிலே மாதக்கணக்கில் உறங்கி, கடல் கடந்து வந்து, பளபளப்பாக வீற்றிருக்கிறது. கிருட்டிணகிரி மாம்பழம் சில நாளிலே சாய்கிறது. ஆப்பிளின் நீண்ட ஆயுளுக்கு அதன் இயல்பு ஒரு காரணம். முதலீடு மறு காரணம். காலத்தை விலைக்கு வாங்க வல்லவனின் பழம் காத்திருக்கிறது. வாங்க இயலாதவரின் பழம் அழுகுகிறது.

வழி இருக்கிறது. 1999-இல் உழவர் சந்தை மதுரையில் தொடங்கியபோது, இடைத்தரகின்றி உழவர் விற்க முடியும் என்பது செயலில் காட்டப்பட்டது. தெருவணிகரின் உரிமைக்கு 2014-இல் சட்டம் வந்தது. 2020-இல் அவர்களுக்கென வந்த திட்டத்தில் முதற் கடன் தொடக்கத்தில் 10,000 ரூபாயாக இருந்தது. அது நாள்வட்டியிலிருந்து மீட்கலாம், அழுகலிலிருந்து மீட்காது. ஒவ்வொரு சந்தையிலும், ஒரு பெட்டியையும் சிறு வாடகைக்கு ஏற்கும் பொதுக் குளிர் அறை வேண்டும். பொதுப் பழுக்க வைக்கும் அறை வேண்டும். அடியடுக்கு நசுங்காத ஆழமற்ற பெட்டிகள் வேண்டும். அழுகிய அடியடுக்குக்கு மண்டியும் பொறுப்பேற்கும் விதி வேண்டும். நகராட்சி வாயிலிலே இவற்றைக் கேட்க இளைஞர் அணிதிரள வேண்டும்.

அதுவரையில் செய்வதற்கும் ஒன்றுண்டு. விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, வேண்டாமென்று வைத்துவிட்டுப் போகும் வழக்கத்தை நாம் விடுவோம். பிறரையும் விடச் செய்வோம். அந்த விரல் பதிந்த இடத்திலேதான் நாளைய அழுகல் தொடங்குகிறது. அதன் விலையைக் கொடுப்பவர், எலுமிச்சையும் மிளகாயும் கட்டிவைத்து, விதியை நொந்துகொண்டிருக்கிறார். அவர் நோக வேண்டியது விதியை அல்ல. மாற்ற வேண்டியது கணக்கை!