காரணியும் காரணமும்

அம்மா ஐசியூவில் சேர்ந்த பன்னிரண்டாம் நாள், ரத்தத்தில் கிளெப்சியெல்லா கிருமி வளர்ந்திருப்பதாகச் சொன்னார்கள். கார்பாபெனம் வகை மருந்துகளுக்கு அது கட்டுப்படவில்லை. மிச்சமிருப்பது கொலிஸ்டின், அது சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். “எப்படி வந்தது டாக்டர்?” என்று கேட்டேன். “ரிஸ்க் ஃபாக்டர்ஸ் நிறைய இருக்கும்மா. வயசு, சர்க்கரை, வென்டிலேட்டர், ஏற்கெனவே கொடுத்த ஆன்டிபயாட்டிக்” என்று விரல்விட்டு எண்ணினார். பிறகு, “வீட்ல சர்க்கரையைக் கவனிச்சிருக்கலாம்” என்றார். அண்ணனும் பக்கத்தில்தான் நின்றான். ஆனால் அதை என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. தொண்டைக்குள் இறங்கும் குழாய், கழுத்தில் செருகிய சென்ட்ரல் லைன், சிறுநீர்க் குழாய் ஒவ்வொன்றும் கிருமிக்கு ஒரு வாசல். பலவகைக் கிருமிகளைக் கொல்லும் மருந்தை நாள்கணக்கில் கொடுத்தால், சாதாரணக் கிருமிகள் செத்து, மருந்தை எதிர்ப்பவை அந்த இடத்தில் பெருகும். தங்கும் நாள் கூடக்கூட ஆபத்தும் கூடும். தேவையற்ற குழாயை ஒரு நாள் முன்னதாக எடுக்க நினைவூட்டுவது இந்தப் பட்டியல்தான்.

ஆனால் அதில் இருந்தவை எல்லாம் அம்மாவின் உடலிலும் கேஸ் ஷீட்டிலும் இருந்தவை. கதவுக் கண்ணாடி வழியாக நான் பார்த்தவை அதில் இல்லை. இரவில் மூன்று படுக்கைக்கு ஒரே சிஸ்டர். ஒருவருக்குச் சளி உறிஞ்சிக்கொண்டிருக்கும்போதே அடுத்த மானிட்டர் அலறும். நோயாளியைத் தொடும் முன், தொட்ட பின் என்று கைச்சுத்தத்துக்கு ஐந்து தருணங்களை உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது. அந்த ஐந்துக்குமான நேரம் அவரிடம் இருந்ததா? தரை துடைத்த ஒப்பந்தத் தொழிலாளி அக்கா, மொத்த வார்டையும் ஒரே வாளித் தண்ணீரில் முடிக்கச் சொல்கிறார்கள் என்றார்.

எதை எண்ணுகிறோம் என்பதில் ஒரு தேர்வு இருக்கிறது. 1846இல் வியன்னா பொது மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. மருத்துவ மாணவர்கள் பயின்ற முதல் பிரிவில் நூற்றுக்கு 11 பேருக்கு மேல் இறந்தார்கள். மருத்துவச்சிகள் பயின்ற இரண்டாவதில் 3 பேருக்கும் குறைவு. காரணம் தேடியவர்கள் கெட்ட காற்றைச் சொன்னார்கள். ஆண்கள் பரிசோதிப்பதால் பெண்களுக்கு வரும் கூச்சத்தைக்கூடச் சொன்னார்கள். பிணவறையிலிருந்து நேராக வந்த கைகளை எண்ணவில்லை. 1847இல் செம்மல்வெய்ஸ் குளோரின் கரைசலில் கை கழுவ வைத்தார். அடுத்த ஆண்டு இரு பிரிவிலும் இறப்பு நூற்றுக்கு 1.5க்கும் கீழே இறங்கியது. தன் கைகளாலும் பெண்கள் இறந்திருக்கிறார்கள் என்பதை அவர் பின்னாளில் ஒப்புக்கொண்டார்.

அப்படியென்றால் சிஸ்டரின் கைதான் காரணமா? கிருமி அந்தக் கை வழியாக வந்திருக்கலாம். ஆனாலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. வியன்னா மாணவருக்கு விஷயம் தெரியவில்லை. சிஸ்டருக்குத் தெரியும்; நேரம்தான் இல்லை. அந்த நேரத்தைக் குறைத்தவர், டூட்டி பட்டியல் போட்டவர். அவர் படுக்கையருகே வருவதில்லை; அவர் கையில் கிருமி இருக்காது. பராமரிக்கும் வேலை பெண்களிடம் இருப்பதால் பழியும் எளிதாக அவர்களிடமே வருகிறது: வீட்டில் மகள், வார்டில் நர்ஸ், தரையில் துப்புரவுப் பெண்.

என் பங்கை நான் மறுக்கவில்லை. அம்மாவின் மாத்திரை தீர்ந்ததைக் கவனிக்காமல் விட்ட நாள்கள் உண்டு. எனக்குரியதை நான் ஏற்கிறேன். மற்றவர்களும் அவரவர் பங்கை ஏற்க வேண்டும் என்கிறேன்.

அம்மா பிழைத்து வந்தார், பலவீனமான சிறுநீரகத்தோடு. டிஸ்சார்ஜ் சம்மரியில் வயது, சர்க்கரை, வென்டிலேட்டர் நாள்கள் எல்லாம் வரிசையாக இருந்தன. அந்த இரவுகளில் ஒரு சிஸ்டருக்கு எத்தனை நோயாளிகள் என்று எழுத அதில் கட்டம் இல்லை.