டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லுங்கள்



தறி ஓடும்போது பாவில் ஓர் இழை அறுந்தால் என்ன செய்ய வேண்டும் என்று நெசவு ஊரான நம் அம்மையார்குப்பத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தறியை நிறுத்துவீர்கள். அறுந்த இழையைத் தேடிப் பிடித்து முடிச்சுப் போட்ட பிறகுதான் மறுபடி ஓட்டுவீர்கள். கவனிக்காமல் ஓட்டினால் சேலை நெடுக அது கோடாகத் தெரியும். பிறகு அந்தச் சேலையை யார் வாங்குவார்கள்?

சேலைக்குக் கொடுக்கும் இந்தக் கவனத்தை, கடவுள் தந்த நம் உடம்புக்குக் கொடுக்கிறோமா?

பிப்ரவரி 11, லூர்து அன்னையின் திருநாள், உலக நோயாளர் நாள். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1992இல் ஏற்படுத்திய நாள் இது. இன்று எல்லா நோய்களையும் பற்றிப் பேசப் போவதில்லை. நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் ஒரு குரலைப் பற்றி மட்டும் பேசுகிறேன். "சாமி, ராத்திரி சோத்தையே விட்டுட்டேன். அப்பவும் வெயிட் குறைய மாட்டேங்குது." டாக்டரிடம் சொன்னீர்களா என்று கேட்டால் தலை குனிகிறது. "எப்படி சாமி சொல்றது? திட்டுவாரு."

மாற்கு நற்செய்தி ஐந்தாம் அதிகாரத்தில் வரும் தாயை உங்களுக்குத் தெரியும். பன்னிரண்டு ஆண்டுகள் இரத்தப்போக்கு. பல மருத்துவரிடம் போய்த் துன்பப்பட்டு, கையிலிருந்த காசையெல்லாம் செலவழித்தவள். யாருக்கும் தெரியாமல் ஆண்டவரின் ஆடையைத் தொட்டுவிட்டுப் போய்விட நினைத்தாள். ஆண்டவர் விடவில்லை. அவர் காப்பாற்றப் போகும் யாயீரின் மகள் சாகக் கிடக்கிறாள், கூட்டம் நெருக்குகிறது. அத்தனைக்கும் நடுவில் அவர் நின்று அவளைத் தேடினார். அவள் நடுங்கிக்கொண்டே வந்து நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். அவர் அதட்டவில்லை, மகளே என்று அழைத்தார். உங்கள் உடம்பைப் பற்றி நீங்கள் வெட்கப்படும்போது உங்களைக் குற்றம் சாட்டும் குரல் அவருடையது அல்ல, பிரியமானவர்களே.

எடை கூடுவது பாவம் என்று யார் சொன்னது? தேசியக் குடும்ப நல ஆய்வு 2019 முதல் 2021 வரை நடந்தது. நம் மாநிலத்தில் 15 முதல் 49 வயதுக்குட்பட்டவர்களில், நூற்றுக்கு 40 பெண்களும் 37 ஆண்களும் எடை கூடியவர்கள் என்று அது சொல்கிறது. இத்தனை பேரையும் சாப்பாட்டு ஆசைக்காரர்கள் என்று ஒரே வார்த்தையில் தீர்ப்பிடுவது அநியாயம்.

வாயைக் கட்டியும் எடை குறையாததற்கு உடம்புக்குள்ளேயே காரணம் இருக்கலாம். தைராய்டு குறைந்தால் உடம்பு மந்தமாகும். சோர்வு, மலச்சிக்கல், முடி கொட்டுதல், பிறர் விசிறி கேட்கும்போது நமக்கு மட்டும் குளிர் என்று காட்டும். ஓர் இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். மாதவிலக்கு தள்ளித் தள்ளி வரும் பெண்பிள்ளைகளுக்குச் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை இருக்கலாம். கல்யாணத்துக்கு முன் இதை வெளியே சொல்லக்கூடாது என்று அம்மாக்களே மூடி மறைக்கிறீர்கள். தயவுசெய்து மறைக்காதீர்கள். ராத்திரி பலத்த குறட்டை விட்டு, பகலில் தறி அருகிலேயே கண் அயர்கிறவர், தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறவராக இருக்கலாம். மனம் ஒடிந்து, யாரிடமும் பேசப் பிடிக்காமல் இருக்கும்போதும் எடை கூடும். இன்சுலின், சில சுகர் மாத்திரைகள், மனநோய்க்கான சில மருந்துகள், ஸ்டீராய்டு ஆகியவையும் எடையைக் கூட்டும். மூட்டு வலிக்கு என்று சீட்டு இல்லாமல் விற்கும் பொடியில் ஸ்டீராய்டு கலந்திருப்பதுண்டு. அதற்காக இவற்றில் எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள், அது ஆபத்து. வேறு மருந்து உண்டா என்று டாக்டரைக் கேளுங்கள். எடை குறைக்கும் ஊசிகள் சில 2025இல் நம் நாட்டிலும் விற்பனைக்கு வந்தன. அவற்றையும் டாக்டர்தான் சொல்ல வேண்டும், பக்கத்து வீட்டுக்காரர் அல்ல.

எடை கூடியவர்களைப் பற்றியே பேசிவிட்டேன். காரணமில்லாமல் இளைக்கிறவர்களை இன்னும் அவசரமாகக் கூப்பிடுகிறேன். "நல்லா இளைச்சிட்டியே" என்று ஊர் பாராட்டும்போது உள்ளே சுகரோ காசநோயோ இருக்கலாம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் பஞ்சுத் தூசி என்று தள்ளிவிடாமல் சளியைப் பரிசோதியுங்கள். 2022இல் நம் மாநிலம் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், நோய் தெரிந்தவுடனே எடையையும் உயரத்தையும் பார்க்கிறார்கள். மிகவும் மெலிந்தவர்களைக் கண்டுபிடித்து முதலில் காப்பாற்றத்தான் அது.

தவக்காலம் வரப்போகிறது. சுகர் மாத்திரை போட்டுக்கொண்டு, இன்சுலின் ஊசி குத்திக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் ஒருசந்தி இருக்கிறவர்கள் நம்மிடையே உண்டு. சுகர் திடீரென இறங்கி மயங்கி விழுந்தால் அது தவம் ஆகாது. 18 முதல் 59 வயது வரை ஒருசந்தி என்று சட்டம் வைத்த அதே திருச்சபை, நோயாளிகளுக்கு விலக்குக் கொடுத்திருக்கிறது. அந்த இரக்கத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். மருந்து வேண்டாம், செபம் போதும் என்கிறவர்கள் சீராக்கின் ஞானம் 38ஆம் அதிகாரத்தை வீட்டில் எடுத்து வாசியுங்கள். மருத்துவரையும் கடவுள்தாம் படைத்தார், மன்றாடு, மருத்துவருக்கும் இடம் கொடு என்பதே அதன் சாரம்.

அரக்கோணம் வழியாகக் காட்பாடிக்கு ரயிலேறி நம்மில் பலர் வேலூர் சி.எம்.சி.க்குப் போகிறோம். அந்த மருத்துவமனை எதனால் பிறந்தது? 1890களில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீடுகளிலிருந்து கணவர்கள் வந்தார்கள். மனைவிமாருக்குப் பிரசவம் ஆகவில்லை. இளம்பெண்ணாக இருந்த ஐடா ஸ்கடரை உதவிக்குக் கூப்பிட்டார்கள். அவர் மருத்துவம் படிக்காதவர். படித்த அவருடைய அப்பாவோ ஆண், எனவே வேண்டாம் என்று திரும்பிவிட்டார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தார்கள். அந்தத் துயரம்தான் ஐடாவை மருத்துவம் படிக்க வைத்தது. 1900இல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு வேலையைத் தொடங்கினார். வெட்கமும் வழக்கமும் மூன்று உயிர்களைக் கொண்டுபோயின. இன்று பெண் டாக்டர் வேண்டும் என்று நாம் கேட்கலாம். கேட்கும் உரிமை உண்டு.

குடும்பத்தாரே, உங்களிடமும் ஒரு வேண்டுகோள். "குண்டு" என்று பிள்ளையைக் கூப்பிடுவதை இன்றோடு விடுங்கள். அக்காவையோ அம்மாவையோ தனியாக அனுப்பாமல் கூடப் போங்கள்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சுகர், பிரஷர் மாத்திரையோடு வாசலுக்கு வரும் சகோதரியிடம் முதலில் பேசுங்கள். பிறகு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ திருத்தணி அரசு மருத்துவமனைக்கோ போங்கள். சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும், நாட்டு மருந்துப் பொடியையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். எடை எப்போதிலிருந்து கூடியது அல்லது குறைந்தது, தூக்கம் எப்படி, மாதவிலக்கு எப்படி, மனம் எப்படி என்று தமிழிலோ தெலுங்கிலோ வருகிற பாஷையில் சொல்லுங்கள். ஒரு டாக்டர் கேட்காவிட்டால் இன்னொருவரிடம் போங்கள். வரும் ஞாயிறு திருப்பலிக்கு வருவதற்குள் போய் வந்துவிடுங்கள். தனியாகப் போகப் பயப்படுகிறவர்கள் என்னிடம் சொல்லுங்கள், துணைக்கு ஆள் அனுப்புகிறேன்.