பனிவெளியில் நிற்கும் கல்

இங்கிலாந்தின் தென்மேற்கில், டெவன் பகுதியில், டார்ட்மூர் என்னும் மேட்டுநிலம் பரந்து கிடக்கிறது. அதன் மிக உயர்ந்த இடம் 621 மீட்டர். கருங்கற் பாறைகளும் புல்வெளியும் புதர்க்காடும் நிறைந்த அந்நிலம் 1951-ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாயிற்று.

மே மாதத்துக் காலையில் அங்கே நடப்பவர் காண்பது பேரழகு. முட்புதர்கள் பொன்னிறப் பூக்களைத் தாங்கி நிற்கின்றன. குதிரைக்குட்டிகள் தாயை ஒட்டி மேய்கின்றன. கண்ணுக்கு எட்டாத உயரத்திலிருந்து வானம்பாடியின் குரல் பொழிகிறது. ஆயினும் அந்த அழகை நம்பி அயர்ந்துவிடலாகாது. திடீரென மூடுபனி இறங்கித் திசைகளை விழுங்கிவிடும். பசும்புல்லாகத் தோன்றும் இடம் காலை இழுக்கும் சதுப்பாக இருக்கும்.

இதனை அறிந்த முன்னோர் பாதையோரங்களில் கற்சிலுவைகளை நாட்டினர். மடங்களுக்கிடையே சென்று வந்த துறவியருக்கு அவை வழி காட்டின. 1240-ஆம் ஆண்டின் எல்லை ஆவணத்திலேயே இடம்பெற்ற சிவார்டு சிலுவை அவற்றுள் ஒன்று. 19-ஆம் நூற்றாண்டில் அது உடைந்தது. இரும்புப் பட்டைகளால் பிணைத்து மீண்டும் நிறுத்தினர். தழும்போடு அது இன்றும் நிற்கிறது.

கல் யாரையும் சுமந்து செல்வதில்லை. பயணம் முழுவதையும் காட்டுவதுமில்லை. ‘இதுவரை வந்த வழி சரி’ என்று மட்டுமே அது உணர்த்துகிறது. சான்றோர் மொழியும் அத்தகையதே. நடக்க வேண்டியவன் சாதகன். மேலும், பனி இறங்கிய பின் அறியாத கல்லைத் தேடிக் கண்டடைவது அரிது. வெயில் உள்ளபோதே அதனை அறிந்திருக்க வேண்டும். துயரம் வந்த பிறகு பிரார்த்தனையைக் கற்கத் தொடங்குபவன் தடுமாறுகிறான். நல்ல நாட்களில் நாள்தோறும் இறைவனை நினைத்தவனுக்கோ இருளிலும் கால் வழியறியும்.

மேட்டிலிருந்து இறங்கினால் காட்சி மாறுகிறது. கிழக்கு டார்ட், மேற்கு டார்ட் எனும் இரு ஆறுகள் ஒன்றுகூடி ஓக் மரங்கள் அடர்ந்த பள்ளத்தாக்கினுள் நுழைகின்றன. மரநிழலில் நீலமணிப் பூக்கள் விரிந்திருக்கின்றன. இந்த ஆறு பிறப்பது மேட்டின் கரிச்சேற்று நிலத்தில். பாசியும் புல்லும் முழுதும் மக்காமல் பல்லாயிரம் ஆண்டுகளாகப் படிந்து உருவான மண் அது. பெய்த மழையை ஏற்று, மெல்ல மெல்லக் கசியவிடுகிறது. கேட்ட உபதேசத்தை உள்ளே தேக்கிவைக்கும் மனமும் அவ்வாறே பிறருக்குப் பயன்படுகிறது.

ஆற்றின் கரையில் பக்ஃபாஸ்ட் மடம் இருக்கிறது. 1018-இல் தோன்றிய அம்மடம் 1539-இல் கலைக்கப்பட்டது. 1882-இல் துறவியர் மீண்டும் வந்தனர். 1907-இல் தொடங்கி, ஒரு சிலரே தம் கைகளால் கல்மேல் கல் வைத்து, 1938-இல் தேவாலயத்தைக் கட்டி முடித்தனர். ஒரு நாளின் வேலையாக வைக்கப்பட்டவை சில கற்களே. ஆனால் அடுத்த நாளும் அவர்கள் வந்தார்கள்.

உடைந்த கல் மீண்டும் நிமிர்ந்தது. அழிந்த மடம் மீண்டும் எழுந்தது. ஆகவே, விட்டுப்போன சாதனையை எண்ணி எவரும் மனந்தளர வேண்டியதில்லை. இன்று ஒரு கல்லை வைப்போம், நாளையும் வருவோம். எஞ்சியதை இறைவன் அருள் நிறைவேற்றும்.