கொடியில் எழுதிய பெயர்

மனிதனை மனிதனாக மதிக்கும் அறத்தை ஒருவன் தன் சமயத்திலிருந்தே பெற்றான் என்று கொள்வோம். அவ்வறத்தை அரசியலுக்குக் கொண்டு செல்ல ஒரு கட்சி அமைக்கின்றான். அதன் கொடியில் சமயத்தின் பெயரை எழுதலாமா? எழுதாவிடின் நன்றி மறந்தவன் ஆவானோ? எழுதினால் தனக்கு உரிமையில்லாத பொருளைக் கையாண்டவன் ஆவானோ? இவ்வினாவை வாழ்ந்து பார்த்தவர் இருவர். இருவரும் இத்தாலியர், இருவரும் ஆழ்ந்த கத்தோலிக்கர். ஒருவர் பாதிரியார், மற்றவர் மனைவி மக்களோடு வாழ்ந்தவர்.

லூயிஜி ஸ்துர்த்சோ 1871 இல் சிசிலியில் பிறந்தவர். தம் ஊர் நகராட்சியைப் பல்லாண்டு நடத்தியவர். 1919 சனவரியில் உரோமாபுரியில் அவர் தொடங்கிய கட்சிக்கு ‘இத்தாலிய மக்கள் கட்சி’ என்று பெயர். பாதிரியார் தொடங்கிய கட்சியின் பெயரில் சமயம் இல்லை! அதற்கு அவர் கூறிய காரணம் எளிது. சமயம் அனைவர்க்கும் பொது. கட்சியோ ஒரு பகுதி. பகுதிக்குப் பொதுவின் பெயரை இடலாகாது. பெண்களுக்கு வாக்குரிமையும், ஊராட்சிகளுக்குத் தன்னுரிமையும் அவர் வேண்டினார். அவ்வாண்டுத் தேர்தலிலேயே 508 இடங்களுள் 100 இடங்கள் அக்கட்சிக்குக் கிடைத்தன.

பின்னர் முசோலினி வந்தார். ஸ்துர்த்சோ பணியவில்லை. முசோலினியோடு இணக்கம் நாடிய வத்திக்கானுக்கு அவர் இடையூறானார். அதன் நெருக்குதலால் 1923 இல் கட்சிச் செயலாளர் பதவியைத் துறந்தார். 1924 இல் நாட்டையும் துறந்தார். எந்தச் சமயத்தின் பெயரைக் கொடியில் எழுத மறுத்தாரோ, அச்சமயத் தலைமைக்குப் பாதிரியார் என்ற முறையில் அவர் கீழ்ப்படிய வேண்டியதாயிற்று. பெயரை நீக்கினால் மட்டும் கட்டு அறுந்துவிடுமா என்று நமக்கு ஐயம் எழுவது இங்கேதான்.

நாம் எழுத்தர் பணியில் இருப்பவர்கள். அலுவலகத்திற்குத் திருநீறு அணிந்து வருவோர் உளர். தொழுகைக்கு எழுந்து செல்வோர் உளர். சிலுவை அணிந்தோரும் உளர். கோப்பைப் பிரித்த பின் விண்ணப்பித்தவர் யாராயினும் விதி ஒன்றே. ஆயினும் ஏழைக் கைம்பெண்ணின் ஓய்வூதியக் கோப்பை மாலை ஐந்து மணிக்குமேலும் இருந்து முடிக்கச் செய்வது விதி அன்று. அது நெஞ்சில் எங்கிருந்தோ வருவது. அந்த ஊற்றுக்குச் சிலர் கடவுள் என்று பெயரிடுவர். அதைக் கோப்பில் குறிப்பதில்லை. பிரெஞ்சு அறிஞர் ழாக் மாரித்தேன் 1936 இல் வெளியிட்ட ‘முழுமை மனிதநேயம்’ பற்றிய நூலில் இத்தகைய வேறுபாட்டைக் காட்டுகின்றார்: கிறித்தவ நெஞ்சோடு செயலாற்றுவது ஒன்று, கிறித்தவத்தின் பேராளனாக நின்று செயலாற்றுவது மற்றொன்று.

ஸ்துர்த்சோவின் கட்சியில் வளர்ந்த அல்சீதெ டி காஸ்பெரி, முசோலினியின் சிறையில் இருந்து மீண்டவர். போருக்குப் பின் தலைமை அமைச்சரானார். அவர் கட்சியின் பெயரிலேயே ‘கிறித்தவம்’ இருந்தது. 1948 தேர்தலில் அப்பெயர் எவ்வளவு பயன்பட்டது! வாக்குச் சாவடியின் மறைவில் ஸ்டாலின் காணாவிடினும் கடவுள் காண்கின்றார் என்றுகூடப் பரப்புரை நடந்தது. வாக்குகளில் ஏறத்தாழப் பாதியும், மக்களவையில் தனிப் பெரும்பான்மையும் கிட்டின. இப்பரப்புரையை நாம் ஏற்கவியலாது. எதிர்க்கட்சிக்கு வாக்களிப்பவன் கடவுளுக்கே பகைவன் என்றால் வாதத்திற்கு இடமேது? ஆனால் வென்ற பின் டி காஸ்பெரி செய்ததை நோக்குங்கள். தனித்து ஆளும் வலிமை இருந்தும், சமயச் சார்பற்ற சிறு கட்சிகளை அழைத்து ஆட்சியில் பங்கு கொடுத்தார்.

அவருக்குப் பெருஞ்சோதனை 1952 இல் வந்தது. உரோமாபுரி நகராட்சி பொதுவுடைமையர் கைக்குப் போய்விடும் என்று அஞ்சிய வத்திக்கான், பழைய பாசிச வழியினரையும் சேர்த்து ஒரே அணி அமைக்க விரும்பியது. அதற்குத் தலைமை தாங்க முன்வந்தவர் யார் தெரியுமா? முசோலினியை எதிர்த்து நாடு கடந்து வாழ்ந்த அதே ஸ்துர்த்சோ, எண்பது வயதில்! முதுமையின் அச்சமோ, கீழ்ப்படிதலின் பழக்கமோ, நாம் அறியோம், நெஞ்சம் வருந்துகின்றது. டி காஸ்பெரி மறுத்தார். அம்முயற்சி கைவிடப்பட்டது. சில வாரங்களில் தம் முப்பதாம் ஆண்டு மணநாளுக்கும், துறவியான தம் மகளின் இறுதி உறுதிமொழிக்குமாகப் போப்பாண்டவர் பன்னிரண்டாம் பயஸைக் குடும்பத்தோடு காண இசைவு வேண்டினார். இசைவு மறுக்கப்பட்டது. அவர் விடுத்த மறுமொழியின் கருத்து இது: கிறித்தவன் என்ற முறையில் இவ்வவமதிப்பைத் தாங்கிக்கொள்கிறேன், ஆனால் நான் வகிக்கும் பதவியின் மாண்பு விளக்கம் கேட்கும் கடமையை என்மேல் சுமத்துகின்றது.

பெயரைத் தவிர்த்தவர் இறுதியில் பணிந்தார். பெயரைச் சூடியவர் நிமிர்ந்து நின்றார். ஆகவே விடை பெயரில் இல்லை என்று சொல்லத் தோன்றுகின்றது. ஆனால் டி காஸ்பெரி 1954 இல் மறைந்தார், பெயர் மறையவில்லை. அவருக்குப் பின் நாற்பதாண்டுகள் அப்பெயரை ஏந்தியவர்களுள் அவரைப் போன்றவர் எத்துணைப் பேர்? 1992 இல் மிலான் நகரில் கையூட்டு வழக்குகள் வெடித்தபோது கட்சி ஆட்டங்கண்டது. 1994 சனவரியில் அது முடிவுக்கு வந்தது. எஞ்சியோர் கூடி வேறு பெயர் தேடினர். அவர்கள் எடுத்துக்கொண்டது, எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் அப்பாதிரியார் வைத்த பெயர்: இத்தாலிய மக்கள் கட்சி.