அஞ்சேல் என்று சொல்லத் தக்கவர் யார்?

திருக்கோயிலில் எம்பெருமானைச் சேவிக்கும் அடியார்களின் கண்கள் திருமுக மண்டலத்தில் தோய்வது போலவே அபயஹஸ்தத்திலும் சென்று தங்குகின்றன. விரல்கள் மேல்நோக்கி நிற்க, உள்ளங்கை அடியாரை நோக்கித் திகழும் அத்திருக்கை ‘அஞ்சேல்’ என்னும் ஒரு சொல்லையே இடையறாது பேசுகின்றது. அச்சொல்லை எம்பெருமான் சொல்வது பொருத்தமே. காக்கும் ஆற்றலும் காக்கும் பொறுப்பும் அவனுடையவை. ஆனால் அதே சொல்லை மாந்தரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கின்றனர். நாளை நிகழப்போவதை அறியாதவரும், நேற்று நிகழ்ந்ததையே இன்னும் கேள்விப்படாதவரும், ‘ஒன்றும் ஆகாது, அஞ்ச வேண்டா’ என்கின்றனர். அவ்வாறு சொல்ல மனிதருக்கு உரிமை உண்டா? உண்டெனில், அச்சொல்லின் பொருள் யாது? திருவிழாக் காலத்தில் அடியார்கள் சிந்திக்கத் தக்க வினா இது.

இவ்வினா ஏட்டளவில் எழுந்ததன்று. அயனம்பாக்கம், திருவேற்காடு, அம்பத்தூர், பூவிருந்தவல்லி முதலிய ஊர்களைப் போன்ற ஊர்களிலிருந்து வடநாட்டுத் திவ்யதேச யாத்திரை செல்வது இன்று பலருக்கும் கைகூடுகின்ற பேறாகும். முன்னோர் கால்நடையாகச் சென்று, மீள்வது உறுதியின்றி விடைபெற்ற வதரியாசிரமத்துக்கும் சாளக்கிராமத்துக்கும் இன்று புகைவண்டியும் விமானமும் பேருந்தும் வழி செய்துள்ளன. ஆயினும் இமயத்தின் இயல்பு மாறவில்லை.

2013-ஆம் ஆண்டு ஜூன் 16, 17 தேதிகளில் உத்தராகண்டில் பெருமழை கொட்டியது. கேதாரநாதத்துக்கு மேலே இருந்த சோராபாரி ஏரி உடைந்தது. மந்தாகினி கரை கடந்து பாய்ந்தது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர் அல்லது காணாமற்போயினர். பாதைகள் அறுபட்டமையால் வதரியில் பெருமாளைச் சேவிக்கச் சென்றிருந்தோர் கீழே இறங்க வழியின்றிப் பல நாட்கள் அங்கேயே தங்க நேர்ந்தது. படைவீரரும் மீட்புப் பணியாளரும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பாதுகாப்பான இடங்களுக்குக் கொண்டுசேர்த்தனர். அப்பணியிலேயே ஜூன் 25 அன்று கௌரிகுண்டத்தின் அருகே ஹெலிகாப்டர் ஒன்று வீழ்ந்து, அதிலிருந்த இருபது பேர் உயிர்நீத்தனர்.

இரண்டாண்டுகள் கழியுமுன், 2015 ஏப்ரல் 25 அன்று முற்பகலில், நேபாளத்தின் கோர்க்கா மாவட்டத்தை மையமாகக் கொண்டு 7.8 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டது. ஏறத்தாழ ஒன்பதாயிரம் பேர் மாண்டனர். கண்டகி நதிக்கரையின் சாளக்கிராமப் பெருமையை நாடி முக்திநாத் யாத்திரைக்கு வீட்டாரை அனுப்பியிருந்த குடும்பங்கள் தமிழகமெங்கும் கலங்கி நின்றன.

இத்தகைய வேளையில் ஒரு வீட்டில் நிகழ்வதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். தொலைக்காட்சி இடிபாடுகளையே மீண்டும் மீண்டும் காட்டுகின்றது. யாத்திரை சென்றவரின் தொலைபேசி ஒலிக்கவில்லை. அண்டை வீட்டார் வந்து அமர்கின்றனர். ‘ஒன்றும் ஆகியிருக்காதம்மா, பெருமாள் பார்த்துக்கொள்வார்’ என்று ஒருவர் சொல்கின்றார். சொல்பவருக்கும் ஒன்றும் தெரியாது. கேட்பவருக்கும் அது தெரியும். எனினும் அச்சொல் வேண்டியிருக்கின்றது.

இதனைப் பொய் என்று கடிந்துரைப்பார் உளர். தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்வது சத்தியத்துக்கு மாறு என்பர். நாளை தீய செய்தி வருமாயின், சொன்ன சொல்லோடு பெருமாளின் மீது வைத்த நம்பிக்கையும் சேர்ந்து உடையுமே என்றும் கேட்பர். இக்கேள்வி புறந்தள்ளத் தக்கதன்று. மற்றொரு சாராரோ, துயரத்தில் இருப்பவரிடம் தர்க்கம் பேசுவது கொடுமை, நல்ல சொல் எதுவாயினும் நன்றே என்பர். இவ்விரு கூற்றுக்கும் இடையே நடுவான வழி ஒன்று உண்டா என்பதற்கு ஸ்ரீராமாயணமே விடை தருகின்றது.

அசோகவனத்தில் பிராட்டி உயிர்விடவும் துணிந்திருந்த வேளையில் திருவடியாகிய அனுமன் அவள் திருமுன் தோன்றினான். அவன் வெறும் சொல்லோடு வரவில்லை. பெருமானின் அடையாளங்களைக் கூறினான், கணையாழியை அளித்தான். கையில் சான்று இருந்தமையால் அவன் கூறிய ஆறுதல் பிராட்டியின் நெஞ்சில் வேரூன்றியது. மீண்டு வந்து பெருமானிடம் செய்தி கூறியபோதும், கடலைக் கடந்த வீரத்தையோ இலங்கையை எரித்த திறத்தையோ முதலில் விரிக்காமல், பிராட்டியைக் கண்டமையையே முதற்கண் தெரிவித்தான் என்று பெரியோர் நயந்து பேசுவர். காத்திருப்பவரின் நெஞ்சம் எந்தச் சொல்லுக்காக ஏங்குகின்றதோ அச்சொல்லை முதலில் தருவதே கருணை. பின்னர் நந்திக்கிராமத்தில் பரதாழ்வான் நாளை எண்ணிக் காத்திருந்தபோது, தான் வருமுன்னரே அனுமனை அனுப்பிச் செய்தி சொல்லச் செய்தான் பெருமான். வரப்போவது உறுதியாயினும், காத்திருப்பவரின் துயரம் ஒரு நாழிகையேனும் குறைய வேண்டும் என்பது அவன் திருவுள்ளம்.

இதிலிருந்து ஒன்று தெளிவாகின்றது. மனிதர் சொல்லும் ‘அஞ்சேல்’ என்னும் சொல் விளைவுக்குப் பிணை நிற்பதன்று. விளைவு எம்பெருமானின் கையில் உளது. தனக்குத் தெரிந்த உண்மையைத் தேடிக் கொணர்ந்து தருவதும், தெரியாத இடத்தில் உடன் அமர்ந்திருப்பதுமே மனிதரின் அஞ்சேல் ஆகும். நேபாளத்தில் நிலம் பிளந்த திசை கிழக்கு நோக்கியது; பேரழிவு பெரும்பாலும் மையத்துக்குக் கிழக்கே இருந்த மாவட்டங்களில் நேர்ந்தது. முக்திநாத்தோ மையத்துக்கு வடமேற்கே உளது. கோபுரங்களில் மின்சாரம் அற்றுப்போவதாலும், எல்லோரும் ஒரே வேளையில் அழைப்பதாலும் தொலைபேசி இணைப்பு கிட்டாது போவதுண்டு. தொலைபேசி மௌனமானதே ஆளுக்குக் கேடு என்பதற்குச் சான்றாகாது. ஆகவே அத்தகைய நாளில் வரைபடத்தை விரித்துக் காட்டி, ‘அவர்கள் சென்ற வழி இது, இடிந்த ஊர்கள் அவை, இன்னும் உறுதியாகச் சொல்வதற்கில்லை, செய்தி வரும் வரை நாங்கள் இங்கேயே இருக்கின்றோம்’ என்று சொல்பவர், ‘ஒன்றும் ஆகாது’ என்று சொல்லிவிட்டுப் போனவரைக் காட்டிலும் மேலான ஆறுதலை அளித்தவர் ஆவார். அவர் தந்த செய்தியே அங்குக் கணையாழி.

அடுத்து, கூடி வழிபடும் வழக்கம். இத்தகைய வேளையில் இல்லங்களிலும் திருக்கோயில்களிலும் ஸ்ரீவிஷ்ணு ஸஹஸ்ரநாமம் பாராயணம் செய்யப்படுகின்றது. அம்புப் படுக்கையில் கிடந்த பீஷ்மர், போரின் அழிவால் நெஞ்சுடைந்த யுதிஷ்டிரருக்கு உபதேசித்தது அது. துயரத்தின் நடுவே துயருற்றவருக்கு அருளப்பட்ட நாமங்களாதலின் துயர நாளுக்கு அவை இயல்பாகவே பொருந்துகின்றன. ஆயினும் நுட்பமான ஐயம் ஒன்று இங்கே எழுகின்றது. நிலம் நடுங்கி முடிந்துவிட்டது, வெள்ளம் வடிந்துவிட்டது. ‘எங்களவர் பிழைத்திருக்க வேண்டும்’ என்று வேண்டுவது, அத்துயரம் வேறொருவர் வீட்டைச் சேரட்டும் என்று வேண்டுவதாகாதா?

தம்மவருக்காக நெஞ்சு முதலில் துடிப்பது குற்றமன்று. அது பிறவியின் இயல்பு. ஆனால் வழிபாடு அவ்விடத்திலேயே நின்றுவிடுமாயின் அது பாதி வழிபாடே. கோஷ்டியாகக் கூடுவதன் பயன் இங்கேதான் விளங்குகின்றது. தனியே அமர்ந்து வேண்டுபவர் ஒரு பெயரையே சொல்வார். கோஷ்டியில் அமர்ந்தவருக்கோ பக்கத்தில் இருப்பவரின் துயரமும் செவியில் விழுகின்றது. அவர் மகன் ஓரிடத்தில், இவர் தங்கை வேறிடத்தில். ‘என்னவர்’ என்பது ‘எங்களவர்’ ஆகி, முடிவில் ‘அங்குள்ளோர் அனைவரும்’ என விரிகின்றது. ஆண்டாள் நாச்சியாரும் தன் வீட்டு முற்றத்துக்கு மட்டும் மழை கேட்கவில்லை. நாடு முழுவதும் தீமையின்றி மழை பெறவே நோன்பு நோற்கச் செய்தாள். கண்ணிழந்து துன்புற்ற கூரத்தாழ்வானோ, அத்துன்பத்துக்குக் காரணமாயிருந்த நாலூரானுக்கும் தாம் பெறும் பேறே கிட்ட வேண்டும் என்று காஞ்சிப் பேரருளாளனிடம் வேண்டினார் என்பது குருபரம்பரை வரலாறு. தீங்கு செய்தவனையும் விலக்காத அம்மரபில் வந்தோர், முகமறியாத மலைநாட்டாரை வேண்டுதலிலிருந்து விலக்குவது தகுமோ?

இனி, மிகவும் கடினமான பகுதி உளது. நற்செய்தி வந்தவுடன் ‘பெருமாள் காப்பாற்றினார்’ என்று கைகூப்புகின்றனர். அது நன்றியின் மொழி, போற்றத் தக்கது. ஆனால் அதே நாளில் தீய செய்தி பெற்ற வீட்டார் அதனைக் கேட்டால், ‘எங்களவரைப் பெருமாள் கைவிட்டாரோ’ என்று வெதும்பமாட்டாரா? அவர்களிடம் ‘கர்மவினை’ என்று தீர்ப்புக் கூறுவது இன்னும் கொடிது. 1934 ஜனவரி 15 அன்று பீகாரையும் நேபாளத்தையும் நிலநடுக்கம் தாக்கியபோது, தென்னாட்டில் ஹரிஜன சேவைச் சுற்றுப்பயணத்திலிருந்த காந்தியடிகள், தீண்டாமைப் பாவத்துக்கு இறைவன் விதித்த தண்டனை அது என்று உரைத்தார். தீண்டாமையை எதிர்ப்பதில் அவரோடு ஒன்றிநின்ற ரவீந்திரநாத் தாகூரே, இயற்கைச் சேதத்துக்கு இயற்கைக் காரணமே உண்டு என்று மறுத்துரைத்தார். காந்தியடிகள் அம்மறுப்பைத் தம் ‘ஹரிஜன்’ இதழிலேயே வெளியிட்டு விடையும் எழுதினார். பிறர் மீது விழுந்த இடிபாட்டுக்குப் பாவக்கணக்கு எழுதுவது எத்துணைப் பெரியோருக்கும் எளிதன்று என்பதற்கு அது சான்று. தன் துன்பத்துக்குத் தன் வினையை நினைந்து ஒருவர் பணிவுறலாம். பிறர் துன்பத்துக்கு அவர் வினையைச் சுட்டுதல் பாகவத லட்சணம் ஆகாது.

அவ்வாறாயின், இழந்தவருக்குச் சொல்ல வைணவத்தில் சொல்லே இல்லையா? உண்டு, அதுவும் அயனம்பாக்கத்துக்குச் சில கல் தொலைவிலுள்ள பூவிருந்தவல்லியில் அவதரித்த மகானின் வாயிலாக வந்தது. காஞ்சிப் பேரருளாளனுக்குத் திருவாலவட்டக் கைங்கரியம் புரிந்த திருக்கச்சி நம்பிகள், எம்பெருமானாரின் திருவுள்ளத்து ஐயங்களுக்குப் பெருமாளிடமிருந்து ஆறு வார்த்தைகளைப் பெற்றுத் தந்தார். சரணடைந்தவனுக்கு அந்திம ஸ்மிருதி, அதாவது இறுதிக் கணத்தில் இறைவனை நினைத்தல், வேண்டியதில்லை என்பதும், உடல் நீங்கும்போது மோட்சம் உண்டு என்பதும் அவற்றுள் அடங்கும்.

இதன் ஆழத்தைப் பேரிடர் நாளில்தான் உணர முடிகின்றது. ‘கடைசி நேரத்தில் நாராயணா என்று சொல்லக்கூட அவகாசம் இருந்திருக்காதே’ என்பதே பக்தியுள்ள வீட்டாரின் நெஞ்சை அறுக்கும் முதல் எண்ணம். வெள்ளமும் நிலநடுக்கமும் அவகாசம் கொடுப்பதில்லை. ஆனால் அடியவன் நினைக்க இயலாத கணத்தில் எம்பெருமான் அவனை நினைக்கின்றான் என்பதே அவ்வார்த்தையின் சாரம். ‘காப்பான்’ என்னும் மஹாவிச்வாசம், இவ்வுடலுக்கு எவ்விதக் கேடும் நேராது என்னும் எதிர்பார்ப்பன்று. எது நேரினும் அவன் கைவிடான் என்னும் துணிவு. பிழைத்தவரைக் காத்தவனும் மாண்டவரை ஏற்றவனும் ஒருவனே என்றறிந்தால், நன்றி கூறும் வீடும் அழுகின்ற வீடும் ஒரே சந்நிதியில் நிற்க இயலும். எனினும் இதனை இழந்தவரிடம் உடனே உபதேசிக்க விரைதல் கூடாது. முதலில் தண்ணீர் தந்து, உடன் இருந்து, வேண்டிய காரியங்களைச் செய்து, அவர்கள் கேட்கும்போது சொல்ல வேண்டிய வார்த்தை இது.

ஆறுதல் சென்று சேர வேண்டிய இடங்களும் சில வேளை கண்ணுக்குப் படுவதில்லை. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலும் சுற்றுப்புற உணவகங்களிலும் காவற்பணியிலும் வடநாட்டவரும் நேபாளத்தவரும் உழைக்கின்றனர். யாத்திரிகர் நலமாகத் திரும்பினர் என்று இவ்வூர்கள் மகிழும் நாளில், வாயிற்காவலரின் வீடே அங்கு இடிந்திருக்கக்கூடும். ‘உன் வீட்டார் நலமா, தம்பி?’ என்று அவரிடம் கேட்பதும் கோஷ்டியில் ஒரு நாமம் சொல்வதற்கு ஒப்பாகும். 2015 டிசம்பரில் சென்னையையும் சுற்றுப்புறத்தையும் வெள்ளம் சூழ்ந்தபோது நிலை தலைகீழானது. தொலைபேசிகள் மௌனமாயின, வெளிநாடுகளிலும் வெளியூர்களிலும் இருந்த பிள்ளைகள் பெற்றோரின் குரல் கேட்காமல் தவித்தனர். அன்று ‘தொலைவான பேரிடர்’ என்று உலகம் பார்த்தது இவ்வூர்களையே. தொலைவு என்பது நிற்கும் இடத்தைப் பொறுத்ததேயன்றி நிலையானதன்று.

யாத்திரை செல்வோருக்கும் ஒரு கடமை உண்டு. 2013-இல் எத்தனை பேர் எந்த வழியில் இருந்தனர் என்று எவருக்கும் உறுதியாகத் தெரியாதிருந்தமையே தேடுவோரின் பெருந்துயரமாயிற்று. அதன் பின்னரே யாத்திரிகரைப் பதிவு செய்யும் முறை அங்கு வலுப்பெற்றது. செல்லும் ஊர்கள், தங்கும் இடங்கள், உடன் வருவோரின் தொலைபேசி எண்கள் ஆகியவற்றை எழுதி வீட்டில் வைத்துச் செல்லுதல் நன்று. இடர் நேர்ந்தால், நலம் என்னும் ஒற்றை வரியை முதலில் அனுப்பிவிட்டுப் பிறகு மற்றவற்றைப் பேசலாம். பரதனுக்கு முன்கூட்டியே செய்தி அனுப்பிய பெருமானைச் சேவிக்கச் செல்வோர், வீட்டில் காத்திருக்கும் பரதர்களை மறத்தல் ஆகாது.

அஞ்சேல் என்று முழு உரிமையோடு சொல்லத் தக்கவன் எம்பெருமான் ஒருவனே. ஆயினும் அவன் அச்சொல்லைப் பெரும்பாலும் அடியார்களின் வாயிலாகவே சொல்லியனுப்புகின்றான்: அன்று அனுமனின் வாயிலாக, நம்பிகளின் வாயிலாக, இன்று மலைப்பாதையில் கைகொடுத்த வீரரின் வாயிலாக, இரவு முழுவதும் உடன் அமர்ந்த அண்டை வீட்டாரின் வாயிலாக. இத்திருவிழாவில் அபயஹஸ்தத்தைச் சேவிக்கும் அடியார்கள் அனைவரும், அச்சொல்லைக் கேட்பவராக மட்டுமன்றி, அதனை உண்மையோடும் கருணையோடும் ஏந்திச் செல்பவராகவும் விளங்கிட எம்பெருமான் திருவருள் புரிவானாக.