சில்லும் சான்றும்

‘கணிப்பொறி ஏற்கவில்லை.’ வங்கியிலும் பங்கீட்டுக் கடையிலும் அரசு அலுவலகங்களிலும் நாம் இன்று அடிக்கடி கேட்கும் தொடர் இது. இத்தொடரின் எழுவாய் மனிதன் அல்லன், கருவி. மறுப்பு இருக்கிறது, மறுத்தவர் என்று கைகாட்ட ஒருவரும் இலர். அவ்வாறாயின் அம்மறுப்பினால் விளையும் துன்பத்திற்குப் பொறுப்பாளர் யார்? கருவியின்மேல் பழியைப் போட்டுவிட்டு மனிதன் ஒதுங்கிக்கொள்ளுதல் அறமாகுமா? இவ்வினாவைச் சிறிது எண்ணிப் பார்ப்போம்.

இதனை எண்ணிப் பார்க்கும் கடமை பெங்களூர்வாழ் தமிழராகிய நமக்குச் சிறப்பாக உண்டு. 1948இல் இந்தியத் தொலைபேசித் தொழிலகமும், 1954இல் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனமும் இந்நகரில் தோன்றின. 1985இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் இங்கே கால் ஊன்றியது. சேலத்திலிருந்தும் தருமபுரியிலிருந்தும் வட ஆர்க்காட்டிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்த நம் முன்னோர் பலர் இந்நகரில் கல் சுமந்தனர், ஆலைகளில் உழைத்தனர். அவர்தம் பேரப் பிள்ளைகள் இன்று விவேக் நகரிலிருந்து காலைதோறும் எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் பேருந்து ஏறுகின்றனர். சில்லின் ஆக்கத்தில் நமக்குப் பங்கு உண்டெனின், அதனால் விளையும் நன்மை தீமைகளிலும் பங்கு உண்டன்றோ?

சில்லு என்பது யாது? 1958இல் ஜாக் கில்பி என்னும் அமெரிக்கப் பொறியாளர் மின்சுற்றின் உறுப்புகள் பலவற்றை ஒரே துண்டில் அமைத்து இயக்கிக் காட்டினார். 1971இல் வெளிவந்த இன்டெல் 4004 என்னும் சில்லில் ஏறத்தாழ 2,300 டிரான்சிஸ்டர்கள் இருந்தன. இன்றைய கைப்பேசி ஒன்றின் சில்லில் ஆயிரம் கோடிக்கு மேலும் உள்ளன. எண்ணிக்கை வளர்ந்ததே அன்றி, அடிப்படைச் செயல் மாறவில்லை. மின்னோட்டம் உண்டு, இல்லை என்னும் இரண்டே நிலைகளைக்கொண்டு அது கணக்கிடுகிறது. எதற்கு ‘ஆம்’ என்பது, எதற்கு ‘இல்லை’ என்பது என வகுத்தவன் மனிதன். வகுத்தபடி நடப்பதே கருவியின் இயல்பு.

இதனால் கருவியைப் பழித்தல் முறையன்று. அதற்குச் சாதி தெரியாது, உறவு தெரியாது, கையூட்டுக் கேட்கத் தெரியாது. பொங்கலுக்கு ஊர் செல்லப் புகைவண்டி நிலையத்தில் இரவெல்லாம் வரிசையில் நின்ற பெரியவர்களைக் கேட்டால், முன்பதிவு கணிப்பொறி வழியே நடைபெறத் தொடங்கியதன் அருமையைச் சொல்வார்கள். எளியவனுக்கு அது நடுவுநிலைமையைக் கொண்டுவந்தது. ஆயினும் நடுவுநிலைமை வேறு, கண்ணோட்டம் வேறு. வள்ளுவர் இரண்டிற்கும் தனித்தனி அதிகாரம் வகுத்தார். முன்னதைக் கருவியினிடம் ஓரளவு ஒப்படைக்கலாம். எதிரே நிற்பவரின் நிலையறிந்து இரங்கும் பின்னதை ஒப்படைத்தல் இயலாது.

அந்த நடுவுநிலைமைக்கும் மனிதரே காவலாக நிற்றல் வேண்டும். இதற்குத் தக்க எடுத்துக்காட்டு மின்னணு வாக்குப்பதிவுக் கருவி. அதனை ஆக்கும் நிறுவனங்கள் இரண்டனுள் ஒன்று ஐதராபாத்தில் உள்ளது. மற்றொன்று நம் நகரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ். இங்கே அதன் வடிவமைப்பையும் ஆக்கத்தையும் மேற்பார்த்தவர், சுஜாதா என்னும் பெயரில் நாம் படித்து மகிழ்ந்த எஸ். ரங்கராஜன். 1982இல் கேரளத்தின் பரவூர்த் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் வாக்குப்பதிவுக் கருவி முதன்முதலாகப் பயன்பட்டது. 1984இல் உச்ச நீதிமன்றம், சட்டம் இடந்தராத முறையில் பெற்ற வாக்குகள் செல்லா எனக் கூறி, அச்சாவடிகளில் மறு வாக்குப்பதிவு நடத்த ஆணையிட்டது. முதலில் 123 வாக்குகளால் வென்றவர் அதன்பின் தோற்றார். கருவி நல்லதாயினும் மக்கள் மன்றத்தின் இசைவின்றி அதனை நுழைத்தல் ஆகாது என்பது அத்தீர்ப்பு நமக்கு உணர்த்தும் பாடம்.

1988இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. 2001இல் தமிழகச் சட்டமன்றத் தேர்தல் முழுவதும், 2004இல் நாடாளுமன்றத் தேர்தல் முழுவதும் இக்கருவிகளால் நடந்தன. ஐயங்களும் எழாமல் இல்லை. 2010இல் ஆய்வாளர் சிலர், கருவி ஒருவர் கைக்குத் தனியே கிட்டுமாயின் உறுப்புகளை மாற்றி முடிவைத் திரிக்கலாம் எனச் செய்து காட்டினர். 2013இல் உச்ச நீதிமன்றம் தாள்சான்றினைப் படிப்படியாகச் சேர்க்கப் பணித்தது. இன்று வாக்காளர் தாம் பொத்தானை அழுத்திய சின்னத்தைக் கண்ணாடிக்குப் பின்னே ஏழு நொடி காண்கிறார். 2024இல் பழைய வாக்குச்சீட்டு முறைக்கு மீளும் வேண்டுகோளை ஏற்காத அந்நீதிமன்றம், காவல் முறைகள் சிலவற்றைக் கூட்டியது. தேர்தல் பணிக்குச் செல்லும் எழுத்தர்களாகிய நாங்கள், வாக்குப்பதிவு தொடங்குமுன் முகவர்கள் முன்னிலையில் மாதிரி வாக்குகளைப் பதிந்து, எண்ணிக் காட்டி, அவற்றை அழித்து, கருவிக்கு முத்திரை இடுகிறோம். முகவர்களும் கையொப்பம் இடுகின்றனர். பல கண்கள் பார்க்கப் பல கைகள் சான்று பகர்வதால்தான் பேசாத சில்லின்மேல் நம்பிக்கை பிறக்கிறது.

இது நம் முன்னோர் அறியாததன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. அது குலுக்கல் முறை. இன்றைய வாக்குப்பதிவு அன்று. ஆயினும் அதன் காவல் நம் கருத்தைக் கவர்கிறது. குடத்தை எல்லாரும் காணத் தூக்கிப் பிடித்தனர். உள்ளே இருப்பது அறியாத சிறுவன் ஒருவன் ஓலை எடுத்தான். அதனைப் பெறுபவர் ஐந்து விரலும் அகல விரித்த கையில் ஏந்திப் பெற்றார். பின் உரக்கப் படித்தார். குடமும் ஒரு கருவியே. ஆனால் அவையோர் தம் நம்பிக்கையைக் குடத்தில் வைக்கவில்லை. விரித்த கையில் வைத்தனர்.

அந்த விரித்த கை இன்று நம் அலுவலகங்களில் இருக்கிறதா என்பதே கேள்வி. ஓய்வூதியம் பெறுவோர் ஆண்டுதோறும் தாம் உயிரோடிருப்பதற்குச் சான்று தருதல் வேண்டும். 2014 முதல் இதனைக் கைரேகை வழியாக மின்னணு முறையில் தர இயலுகிறது. நடக்கமாட்டாத பலருக்கு இது பெரும் உதவி. ஆனால் வாழ்நாளெல்லாம் பாத்திரம் தேய்த்து, துணி துவைத்து, செங்கல் சுமந்த கையில் ரேகை எங்கே நிற்கும்? மூதாட்டி விரலை வைக்கிறார்; ‘பொருந்தவில்லை’ என்கிறது பொறி. மீண்டும் வைக்கிறார், மீண்டும் அதே விடை. அவர் உயிரோடு எதிரே நிற்பதைப் பொறி காணாது. மேசைக்குப் பின்னால் இருப்பவர் காண்கிறார். முகத்தைக் காட்டிச் சான்று தரலாம். தாளில் எழுதியும் தரலாம். விதியே இவ்வழிகளுக்கு இடந்தருகிறது. அதனைச் சொல்லாமல், ‘கணிப்பொறி ஏற்கவில்லை, நாளை வாருங்கள்’ என்று அனுப்பிவிட்டால், அந்த மறுப்பு பொறியினுடையது அன்று, அனுப்பியவருடையது. விதியில் வேறு வழி இல்லாத இடத்திலும், மேலதிகாரிக்கு ஒரு குறிப்பெழுதும் பேனா நம் கையில் இருக்கிறது.

இப்பொறுப்பு எழுத்தரோடு முடிவதன்று. சில்லை வடிவமைக்கும் நம் பிள்ளைகளும், அதற்கு ஆணைத்தொடர் எழுதும் நம் பெண்களும், ‘இது பொருந்தாதவர் என் செய்வார்?’ என்னும் வினாவை வரைபடத்தின்மீதே எழுப்புதல் வேண்டும். அவர்கள் தேய்ந்த விரலை அறியாதவர் அல்லர்; தம் பாட்டியின் கையைப் பிடித்து நடந்தவர்கள். ஊர் விட்டு ஊர் வந்த நாம், எந்த அலுவலகத்திலும் மொழி அறியாது திகைத்து நின்ற நாளில், நம்மை நிமிர்ந்து பார்த்து வழி சொன்ன யாரோ ஒருவரால் வாழ்ந்தோம். கருவிகள் பெருகட்டும், அவற்றால் வேலை விரையட்டும். ஒவ்வொரு கருவியின் அருகிலும், அது ‘இல்லை’ என்று சொன்னபின் எழுந்து வந்து, ‘என்னம்மா, என்ன ஆயிற்று?’ என்று கேட்கும் ஒருவர் இருத்தல் வேண்டும். அந்த ஒருவராக இருக்க நாம் ஒவ்வொருவரும் உறுதி கொள்வோமாக.